டிப்பிங் டிரெய்லருக்கு ஹைட்ராலிக் அமைப்பு: புதிதாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொட்டி நிறைய ஈர மண். ஓட்டுநர் லீவரை இழுத்ததும் முன்பக்கம் மெல்ல எழுகிறது. பத்து டிகிரி, இருபது டிகிரி என்று நன்றாகத்தான் போகிறது. முப்பதை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் கனக்கிறது, ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) சீறுகிறது, தொட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. மண்ணும் சரியவில்லை. இனி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆள் ஏறவேண்டியதுதான்.

இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பம்ப் பழுது என்றோ, சிலிண்டரில் சீல் போய்விட்டது என்றோ நினைக்கிறார்கள். பல சமயம் இரண்டும் நன்றாகவே இருக்கும். தொட்டி படுத்திருக்கும் நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டு சிலிண்டர் வாங்கியதால் வரும் குறை இது. வெல்டிங், கட்டிங் எல்லாம் கைவந்தவர்கள், ஆனால் ஹைட்ராலிக் பக்கம் இப்போதுதான் வருகிறவர்கள், இந்தத் தவறைச் செய்யாமல் ஒரு டிப்பிங் டிரெய்லரை எப்படி வடிவமைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஒரே உதாரண டிரெய்லரைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்.

முதலில் பாகங்கள்

டிராக்டரில் பம்ப், ஆயில் தொட்டி, கன்ட்ரோல் வால்வு, ரிலீஃப் வால்வு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் சேர்ப்பது ஒரு குயிக் கப்ளர் (ஹோஸை டிராக்டரில் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு), ஒரு ஹோஸ், ஒரு சிலிண்டர், அதைக் காக்கும் சில சின்ன வால்வுகள். அவ்வளவுதான். பட்டறையில் சிலிண்டரை ஜாக்கி என்றும் சொல்வார்கள்.

விவசாய டிரெய்லரில் பொதுவாக வருவது டெலஸ்கோப்பிக் சிலிண்டர். ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் அடங்கியிருக்கும். ஆயில் உள்ளே போனால் அடுக்கு அடுக்காக நீளும். ஆயில் தூக்க மட்டும்தான் செய்கிறது. இறங்குவது தொட்டியின் சொந்த எடையால். அதனால் ஒரே ஒரு ஹோஸ் போதும். ஏறும்போது ஆயில் அதன் வழியே போகிறது, இறங்கும்போது அதே வழியில் திரும்புகிறது.

எந்த அடுக்கு முதலில் நகரும்? பெரிய விட்டம் உள்ளதுதான். பரப்பு அதிகம் என்பதால் குறைந்த அழுத்தத்திலேயே அது கிளம்பிவிடும். கடைசியில் வருவது மிகச் சிறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் இதுதான் முக்கியம்.

டிராக்டரைப் பற்றி மூன்று விவரங்கள்

அளவு நாடாவைத் தொடுமுன் டிராக்டரின் கையேட்டை எடுங்கள். ரிலீஃப் வால்வு எத்தனை பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) திறக்கும், பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், வெளி வேலைக்கு எத்தனை லிட்டர் ஆயில் எடுக்கலாம் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான டிராக்டர்களில் ரிலீஃப் அழுத்தம் 150 முதல் 200 பாருக்குள் இருக்கும். ஆனால் பல வருடம் உழைத்த டிராக்டர் கையேட்டில் உள்ள அழுத்தத்தைத் தரும் என்று நம்பவேண்டாம். கப்ளரில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, லீவரை இழுத்து, முள் எங்கே நிற்கிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள். நம் உதாரணத்துக்கு 150 பார் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் முக்கால் பங்கைத்தான், அதாவது ஏறக்குறைய 110 பாரைத்தான், வடிவமைப்புக்கு எடுக்கவேண்டும். மிச்சம், சுமை கொஞ்சம் கூடினாலும் கீல் கொஞ்சம் இறுகினாலும் சமாளிக்க.

மூன்றாவது விவரத்தைப் பலர் கேட்பதே இல்லை. நிறைய டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். டிரெய்லர் சிலிண்டர் அளவுக்கு மீறிக் குடித்தால் கியர்கள் உலர்ந்து ஓடும்.

அட்டையில் ஒரு தொட்டி

உதாரண டிரெய்லர் இது. தொட்டியின் நீளம் 3 மீட்டர், காலி எடை 600 கிலோ, சுமை 5,000 கிலோ. மொத்தம் 5,600 கிலோ. கீல், தொட்டியின் பின் விளிம்பிலிருந்து 20 செ.மீ. முன்னால் இருக்கிறது. சுமையைச் சமமாகப் பரப்பினால் எடை மையம் நடுவில், அதாவது கீலிலிருந்து 1.3 மீட்டர் முன்னால் விழும். உயரத்தில் அது கீலுக்கு 50 செ.மீ. மேலே.

சிலிண்டரின் மேல் மூட்டு தொட்டியில் கீலுக்கு 1.9 மீட்டர் முன்னால், 15 செ.மீ. மேலே. கீழ் மூட்டு சேஸிஸில் கீலுக்கு 1.7 மீட்டர் முன்னால், 45 செ.மீ. கீழே.

திரிகோணவியல் வராதவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. பெரிய தாளில் பத்தில் ஒரு பங்கு அளவில் சேஸிஸை வரையுங்கள். தொட்டியை அதே அளவில் தடித்த அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். கீல் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசியால் அட்டையைத் தாளில் குத்துங்கள். அட்டையில் எடை மையத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி, சிலிண்டரின் மேல் மூட்டுக்கு ஒரு நீலப் புள்ளி. தாளில் கீழ் மூட்டுக்கு இன்னொரு நீலப் புள்ளி. இப்போது அட்டையைத் திருப்பினால் உங்கள் தொட்டி மேசை மேலேயே எழுகிறது.

ஒவ்வொரு கோணத்திலும் மூன்றை அளந்துகொள்ளுங்கள். குண்டூசியிலிருந்து சிவப்புப் புள்ளி வரை கிடைமட்டத் தூரம்: இது எடையின் தூரம். இரண்டு நீலப் புள்ளிகளையும் தொடும்படி அளவுகோலை வைத்து, குண்டூசியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வரும் தூரம்: இது சிலிண்டரின் தூரம். மூன்றாவது, இரண்டு நீலப் புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளம்.

எத்தனை டிகிரி வரை தூக்கவேண்டும் என்பது சுமையைப் பொறுத்தது. உலர்ந்த தானியம் 30 டிகிரியைச் சுற்றியே ஓடத் தொடங்கிவிடும். ஈர மண்ணும் தொழு உரமும் அப்படியில்லை, 45 முதல் 50 டிகிரி வரை கேட்கும். நாம் 45 எடுத்துக்கொள்வோம். அட்டையை 45 டிகிரிக்குத் திருப்பினால் நீலப் புள்ளிகளின் இடைவெளி 63 செ.மீ.யிலிருந்து ஏறக்குறைய 195 செ.மீ. ஆகிறது. தேவையான ஓட்டம், அதாவது சிலிண்டர் நீளவேண்டிய தூரம், 132 செ.மீ. மூன்று அடுக்கு சிலிண்டர் என்றால் ஒவ்வோர் அடுக்கும் 44 செ.மீ. நீளவேண்டும். வாங்கும்போது இரண்டு, மூன்று செ.மீ. கூடுதலாகவே வாங்குங்கள். சிலிண்டர் தன் கடைசி முனையில் போய் இடிக்கும் நிலை தினமும் வரக்கூடாது.

கணக்கு: ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாக

விதி ஒன்றுதான். மொத்த எடையை எடையின் தூரத்தால் பெருக்கி, சிலிண்டரின் தூரத்தால் வகுத்தால் சிலிண்டர் தள்ளவேண்டிய விசை கிலோவில் வரும். அதை அப்போது நகரும் அடுக்கின் பரப்பால் வகுத்தால் அழுத்தம். பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் போட்டால் விடை ஏறக்குறைய பாரிலேயே வந்துவிடும், ஏனென்றால் 1 பார் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ.

90, 75, 60 மி.மீ. அடுக்குகள் உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துப் பார்ப்போம். பரப்புகள் முறையே 63.6, 44.2, 28.3 சதுர செ.மீ.

தொட்டி படுத்திருக்கும்போது எடையின் தூரம் 1.3 மீட்டர், சிலிண்டரின் தூரம் 1.75 மீட்டர். 5,600 × 1.3 ÷ 1.75 = 4,160 கிலோ. அதை 63.6-ஆல் வகுத்தால் 65 பார். டிராக்டர் சிரமமே இல்லாமல் தூக்கிவிடும். பலர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

மூடாதீர்கள். முதல் அடுக்கு 44 செ.மீ. நீண்டு முடியும்போது தொட்டி 14 டிகிரியில் இருக்கும். அங்கே 75 மி.மீ. அடுக்கு பொறுப்பை ஏற்கிறது. எடையின் தூரம் 1.14 ஆகக் குறைந்துவிட்டது, விசையும் 3,690 கிலோதான். ஆனால் பரப்பு சுருங்கியதால் அழுத்தம் 83 பாருக்கு ஏறுகிறது.

அப்புறம் 29 டிகிரி. 60 மி.மீ. அடுக்கு கிளம்பும் இடம். எடையின் தூரம் 0.9 மீட்டர் அளவில், சிலிண்டரின் தூரம் 1.66. விசை சுமார் 3,020 கிலோ. அழுத்தம் 107 பார்! தொட்டி படுத்திருந்தபோது தேவைப்பட்டதைவிட 40 பாருக்கு மேல் கூடுதல். மண் சரியாமல் ஒட்டியே இருந்தால் இந்தப் பயணத்தில் டிராக்டருக்கு மிகக் கடினமான நொடி இதுதான். அதன் பிறகு எளிது: 45 டிகிரியில் 73 பார் போதும்.

இப்போது யாரோ ஒருவர் விலை குறைவு என்று 90, 65, 40 மி.மீ. அடுக்குகள் உள்ள சிலிண்டரை வாங்கி மாட்டுகிறார் என்று வையுங்கள். தொடக்கத்தில் அதே 65 பார், வித்தியாசமே தெரியாது. ஆனால் 29 டிகிரியில் அந்த 40 மி.மீ. அடுக்குக்கு 240 பார் வேண்டும். 150 பாரில் ரிலீஃப் வால்வு திறந்துவிடும். மேலே சொன்ன, பாதியில் நின்ற டிரெய்லர் இதுதான். ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வால்வு பம்ப்பையும் ஹோஸையும் பக்கத்தில் நிற்கும் ஆளையும் காக்கிறது. தவறு சிலிண்டர் தேர்வில் இருக்கும்போது வால்வைத் தண்டிப்பது சரியில்லை.

இன்னொரு சோதனையும் போட்டுவிடுங்கள். மண் தொட்டியின் முன்பக்கமாகக் குவிந்து எடை மையம் 20 செ.மீ. முன்னே போனால், 29 டிகிரியில் அழுத்தம் 127 பார் ஆகிவிடும். நம் 150-க்குள்தான் இருக்கிறது, ஆனால் ஒதுக்கி வைத்த பங்கில் பாதி போய்விட்டது. ஏற்றுகிறவர்களிடம் சுமையைப் பரப்பச் சொல்வதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

ஆயில் கணக்கு சுலபம். மூன்று அடுக்குகளின் பரப்பைக் கூட்டி 44 செ.மீ.யால் பெருக்கினால் 6 லிட்டர் வருகிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் 18 நொடியில் தொட்டி முழுக்க எழுந்துவிடும். இதைவிட வேகம் தேவையே இல்லை.

சிலிண்டரை உட்காரவைப்பது

டெலஸ்கோப்பிக் சிலிண்டருக்கு நேராகத் தள்ளத்தான் தெரியும். பக்கவாட்டில் வளைந்தால் அடுக்குகளின் சீல் ஒருபக்கமாகத் தேயும், குழாயில் கீறல் விழும், ஒருநாள் கடைசி அடுக்கு வளைந்தே போகும். வயலோரத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்; அந்த முறுக்கு சிலிண்டருக்குப் போகக்கூடாது. அதனால் கீழே இரண்டு திசையிலும் ஆடக்கூடிய வளையத் தொட்டிலும், மேலே பந்து மூட்டும் வைக்கிறார்கள். மேலும் கீழும் கெட்டியாகப் பின் அடித்து இறுக்கிவிடாதீர்கள்.

சிலிண்டர் மேலே 4 டன் தள்ளினால் கீழே சேஸிஸை அதே 4 டன்னால் அழுத்துகிறது. தொட்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இரண்டும் பிரதானச் சட்டத்தோடு சேரும் மூலைகளில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவையுங்கள். தொட்டியின் அடியிலும் மேல் மூட்டை வெறும் தளத் தகட்டில் ஒட்டவைக்காமல், இரண்டு நீளச் சட்டங்களைத் தொடும் குறுக்குச் சட்டத்தில் பொருத்துங்கள். சிலிண்டர் குழாயின் மேல் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் பொறி படக்கூடாது. வேலை முடியும் வரை ஈரச் சாக்கைப் போர்த்திவிடுங்கள். டிரெய்லரில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். மின்சாரம் சிலிண்டர் வழியாகப் போகவிடக் கூடாது.

கீலும் ஆக்சிலும்

இரண்டு கீல்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் தொட்டி எழும்போது முனகும். இரண்டு புஷ்களின் வழியாகவும் ஒரே நீளத் தண்டைச் செருகி, அது கையால் சுழலும் நிலையில் புள்ளி வெல்டிங் வைத்து, பிறகு முழுதாகப் பற்றவைத்தால் இந்தத் தொல்லை வராது. கிரீஸ் நிப்பிளை எட்டக்கூடிய பக்கத்தில் வையுங்கள். எட்டாத நிப்பிளுக்கு யாரும் கிரீஸ் வைப்பதில்லை.

இரண்டு சக்கர டிரெய்லரில் அதிகம் கவனிக்கவேண்டியது வேறு ஒன்று. நம் உதாரணத்தில் ஆக்சில் கீலுக்கு 1 மீட்டர் முன்னால், டிராக்டரின் கொக்கி ஆக்சிலுக்கு 3 மீட்டர் முன்னால் என்று வையுங்கள். தொட்டி படுத்திருக்கும்போது எடை மையம் ஆக்சிலுக்கு 30 செ.மீ. முன்னால் இருப்பதால் கொக்கியில் 560 கிலோ கீழே அழுத்தும். தொட்டி 45 டிகிரிக்குப் போய், மண் இன்னும் ஒட்டியிருந்தால், எடை மையம் ஆக்சிலுக்கு 43 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. இப்போது அதே கொக்கியில் 800 கிலோ மேல்நோக்கி இழுக்கும். டிராக்டரின் பின்சக்கரப் பிடி தளரும். கொக்கி பூட்டப்படாமல் இருந்தால் இழுவைத் தண்டு கழன்று வானத்தைப் பார்க்கும். அதனால் கீலை ஆக்சிலுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள், கொக்கிக்குப் பூட்டுப் பின் கட்டாயம். பின்கதவு தானாகத் திறக்காமல் தொட்டியைத் தூக்கினாலும் இதே நிலைதான்: சுமை முழுக்கப் பின்னால் குவியும். கதவுத் தாழ்ப்பாளை ஓட்டுநர் மறக்க முடியாதபடி, தொட்டி எழும்போது தானே விடுபடும் அமைப்பாக வைப்பது நல்லது.

ஹோஸும் வால்வுகளும்

அரை அங்குல ஹோஸ் இந்த ஆயில் ஓட்டத்துக்குப் போதும். ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸ் 160 பார் வரைக்கும்தான். இரட்டைப் பின்னல் ஹோஸ் 275 பார் தாங்கும். வித்தியாசம் சின்னச் செலவுதான், இரட்டைப் பின்னலையே எடுங்கள். டிராக்டர் திரும்பும்போது ஹோஸ் இழுபடாத நீளமும், தரையில் உரசாதபடி ஒரு கொக்கியும் வேண்டும். கப்ளருக்கு ஐஎஸ்ஓ 5675 அளவைப் பின்பற்றினால் பெரும்பாலான டிராக்டர்களோடு பொருந்தும். தூசி மூடி இல்லாத கப்ளரை வாங்காதீர்கள். கழற்றிய கப்ளர் மண்ணில் கிடந்து, துடைக்காமல் மாட்டப்பட்டால், அந்த மணல் நேராக டிராக்டரின் பம்ப்புக்குள் போகிறது.

சிலிண்டரின் ஆயில் வாயிலேயே, இடையில் ஹோஸ் எதுவும் இல்லாமல், ஹோஸ் வெடிப்பு வால்வைத் திருகுங்கள். ஹோஸ் அறுந்தால் ஆயில் திடீரென வேகமாக வெளியேறும்; அந்த வேகத்தில் வால்வு தானே மூடிக்கொண்டு தொட்டியை அந்தரத்தில் நிறுத்திவிடும். இதை ஹோஸின் அடுத்த முனையில், டிராக்டர் பக்கம் வைத்தால் பயனே இல்லை. இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒருவழித் தடை வால்வு ஒன்றும் சேர்க்கலாம். ஆனால் அதை அதிகம் இறுக்கிவிடாதீர்கள்: காலித் தொட்டி 45 டிகிரியில் சிலிண்டரை அழுத்தும்போது உள்ளே 10 பார் கூட இருக்காது, தடை கூடினால் தொட்டி இறங்காமல் அடம்பிடிக்கும்.

உச்சக் கோணத்தில் ஆயிலைத் தானாக நிறுத்த, தொட்டியிலிருந்து ஒரு கம்பிக் கயிறு இழுக்கும் எல்லை வால்வு இருக்கிறது. 45 டிகிரியில் கயிறு விறைக்கும்படி அதன் நீளத்தைச் சரிசெய்தால் சிலிண்டர் முனையில் இடிக்காது.

முட்டுக் கம்பி

இது இல்லாமல் டிரெய்லரை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தூக்கி நிற்கும் தொட்டிக்கு அடியில் கிரீஸ் வைக்கவோ, மாட்டிய கல்லை எடுக்கவோ ஒருவர் குனிகிறார். டிராக்டரில் விளையாடும் ஒரு குழந்தையின் கை லீவரில் பட்டால் போதும். 600 கிலோ காலித் தொட்டி கீழே வர சில நொடிகள்தான். சேஸிஸில் கீல் போட்டுப் படுத்திருக்கும் ஒரு கனமான முட்டுக் கம்பி, தொட்டி எழுந்ததும் நிமிர்ந்து ஒரு பள்ளத்தில் உட்காரவேண்டும், தானாக நழுவக்கூடாது. அது காலித் தொட்டியை மட்டும் தாங்கத்தான். பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: “முட்டு வைக்காமல் அடியில் போகாதே. சுமையோடு முட்டு வைக்காதே.”

முதல் சோதனை

சமதரையில் நிறுத்துங்கள். தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத இடம் வேண்டும். தொட்டி நிமிரும்போது சுமையின் எடை மையம் தரையிலிருந்து 1.4 மீட்டரில் இருந்து 2.2 மீட்டருக்கு எழுகிறது, தொட்டியின் முன் விளிம்போ அதைவிட உயரத்துக்குப் போகும். பக்கவாட்டுச் சரிவில் டிரெய்லர் கவிழ்வதற்கும் இந்த உயரம்தான் காரணம்.

முதலில் காலித் தொட்டியைக் கால்வாசி தூக்கி இறக்குங்கள், மூன்று நான்கு முறை. உள்ளே இருக்கும் காற்றைச் சிலிண்டரின் காற்றுத் திருகு வழியாக வெளியேற்றுங்கள். காற்று இருந்தால் தொட்டி துள்ளித் துள்ளி எழும். பிறகு முழு உயரம். கசிவு தேடும்போது ஓர் அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். கையை வைக்காதீர்கள்: ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

அடுத்து அரைச் சுமை, அப்புறம் முழுச் சுமை, கேஜ் மாட்டிய நிலையில். முள்ளைக் கவனித்தால் கணக்கு கண்முன்னே நடப்பது தெரியும். 60-ஐத் தாண்டி மெல்ல இறங்கும், ஓர் அடுக்கு மாறும்போது சட்டென்று 80-க்குத் தாவும், மறுபடி இறங்கும், அடுத்த மாற்றத்தில் 100-ஐத் தாண்டும். எஞ்சின் சத்தமும் அதே இரண்டு இடங்களில் கனக்கும். பாதி உயரத்தில் லீவரை நடுவில் விட்டு, சிலிண்டரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கோடு உள்ளே போயிருந்தால் வெளியே கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டிராக்டரின் கன்ட்ரோல் வால்வு ஆயிலை விடுகிறது.

மூன்றாவது அடுக்கு கிளம்பும்போது கேஜ் காட்டிய அழுத்தத்தையும், முழுதாக எழ எடுத்த நொடிகளையும் சேஸிஸின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே சுமைக்கு அழுத்தம் கூடியிருந்தால் கீல் உலர்ந்திருக்கும் அல்லது சிலிண்டர் வளையத் தொடங்கியிருக்கும். அழுத்தம் அதேதான், நேரம் மட்டும் கூடியிருக்கிறது என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது.